யன்னலுக்கு எதிரே ஒரு பஸ் ஹோல்ட்

அன்பு மகளுக்கு உம்மாவின் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முந்தாநாள் நான் தும்மியதைப் போனில் கேட்டுவிட்டு மூன்று தரம் விசாரித்தவள் நீ. தடிமன் போய்விட்டது. வாப்பா உப்பளத்திலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வாசலில் கதிரையைப் போட்டுச் சாய்ந்திருக்கிறார். தினமும் முகம் பார்த்துக் கதைக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் கதைத்தால் உன் பக்கத்தில் மருமகன் இருப்பார், என் பக்கத்தில் வாப்பா இருப்பார். அதைவிட, உன் முகத்தைப் பார்த்ததும் நான் கதையை மாற்றிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அடுத்த கிழமை நம் பள்ளிவாசலடி ஹாஜியார் தன் மகனைப் பார்க்க டோஹாவுக்கு வருகிறார். அவரிடம் கொஞ்சம் கட்டாக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை முதலில் எடுத்து வைத்துவிட்டு, ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீயே கையை நீட்டி எடுத்த படம். ஒரு பக்கம் பஸ் ஹோல்டின் கம்பம், நடுவில் உன் சிரிப்பு, பின்னால் வீதியும் ஒரு மதிலும். படத்தோடு உன் குரலும் வந்தது. "உம்மா, உங்கட ஹோல்ட்டக் கண்டுபிடிச்சிட்டன். நீங்க சொன்ன ரெண்டு மினாரா பள்ளி, மூலையில பார்மசி, மூணு ஈச்ச மரம், எல்லாம் அப்படியே இரிக்கி. இதிலருந்து எத்தனாம் நம்பர் பஸ்ல கடலுக்குப் போனீங்க? நான் போற கடற்கரையில பொழுது ஊருக்குள்ளதான் படுது உம்மா, கடல்ல இல்ல. நீங்க பொழுது கடல்ல படுறதப் பாத்தீங்களே, அது வேற இடம்போல. நம்பரச் சொல்லுங்க, ஒரு வெள்ளிக்கிழமை நான் தனியப் போய்ப் பாக்கோணும்." நான் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை மகள். அந்த ஹோல்டில் நான் ஒரு நாளும் நின்றதில்லை. அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. டோஹாவின் கடற்கரையில் என் கால் பட்டதேயில்லை. உன் சிறு வயதில் நான் உனக்குச் சொன்ன அத்தனையும் பொய்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் நான் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். உனக்கு ஒன்பது வயது. விமான நிலையத்துக்குப் போக வேன் வந்தபோது, நான் ஏறி உட்கார்ந்ததும் நீ என் அபாயாவின் நுனியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு வேன் கதவைச் சாத்திவிட்டாய். துணி மாட்டிக்கொண்டால் வேன் போகாது என்று உன் கணக்கு. வாப்பா கதவைத் திறந்து எடுத்துவிட்டார், நான் உன்னை ஏசினேன். நான் உனக்குக் கடைசியாகச் சொன்ன சொல் அந்த ஏச்சுத்தான். அதை நினைத்து நினைத்தே முதல் கிழமை போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மேடம் பத்து நிமிஷம் கதைக்கத் தன் போனைத் தந்தா. இங்கே வாப்பாவின் போனைக் கதிரைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, நீயும் பக்கத்து வீட்டுச் சனங்களும் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். நீ கேட்ட முதல் கேள்வி, "உம்மா, இன்டைக்கு எங்க போனீங்க?" சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எங்கேயும் போகவில்லை என்று சொன்னால் நீ அழுவாய், அந்தக் கதிரையைச் சுற்றியிருக்கிற எல்லோரும் பேசாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். "பஸ்ல ஏறிக் கடலுக்குப் போனன் மகள்" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக அடுத்த வெள்ளியும் போனேன், அதற்கடுத்த வெள்ளியும் போனேன்.

ஏறாத பஸ்ஸைப் பற்றி எத்தனை கிழமைக்குக் கதை சொல்வது? கற்பிட்டி பஸ்ஸில் இருக்கிற ஆட்களையெல்லாம் கொண்டுபோய் அந்த பஸ்ஸில் ஏற்றினேன். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க என்று கத்துகிற கொண்டக்டர், கருவாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யார் மூக்கைப் பொத்தினாலும் அசையாத பெண்பிள்ளை, பக்கத்து ஆளின் தோளில் தூங்கி விழுகிற மனிதர், எல்லோருக்கும் அரபு உடுப்பு மட்டும் மாட்டிவிட்டேன். நீ அங்கே போன புதிதில் பஸ்ஸில் கொண்டக்டரே இல்லை, கார்ட்டைத் தொட்டுவிட்டு ஏறுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "அந்தக் காலத்தில இருந்திருப்பாங்க, என்ன உம்மா?" என்று நீயே எனக்காகச் சமாளித்தாய். நான் ஓம் என்றேன். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்த் தலையிலடித்துக்கொண்டேன்.

உண்மையில் நான் பார்த்த டோஹா ஒரு யன்னல் அளவு. அந்த வீட்டின் மேல்மாடியில் உடுப்புக் கழுவி அயன் பண்ணுகிற சின்ன அறை ஒன்று இருந்தது. அதன் யன்னலால் பார்த்தால் மதிலும் வீதியும் எதிரே பஸ் ஹோல்டும் தெரியும். நீ கண்டுபிடித்த பள்ளியும் பார்மசியும் ஈச்ச மரங்களும் அங்கிருந்து நான் பார்த்தவை. ஒரு கூடை உடுப்பு அயன் பண்ணி முடிக்க நாலு பஸ் போகும். ஒரே நிற உடுப்பில் வேலைக்காரர்கள் ஏறுவார்கள். எப்போதும் பிந்தி ஓடிவருகிற ஒரு பெண் இருந்தாள், எந்த நாட்டவளோ, சின்னக் குடையொன்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவளுக்காகச் சில நாள் சாரதி நிறுத்திவைப்பார், சில நாள் விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் மேலே அயன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடு, ஓடு என்பேன். அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை மகள். வயிறு நிறையச் சோறு தந்தார்கள், காய்ச்சல் வந்தால் மருந்து தந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண் தனியே வெளியே போய்வருவாள் என்கிற நினைப்பே அங்கே யாருக்கும் இருக்கவில்லை. வாசல் இரும்புக் கேட் எப்போதும் பூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

பொழுது கடலில் பட்ட கதைதான் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. நாம் மேற்குக் கரையில் இருக்கிற சனங்கள். நமக்குப் பொழுது களப்புத் தண்ணீரில் உதிக்கும், கடலில் படும். உலகத்தில் வேறு மாதிரியும் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது? அந்த அறை யன்னலால் பின்னேரம் பொழுது வீடுகளுக்குப் பின்னால் இறங்குவது தெரியும். அப்படியென்றால் கடல் அந்தப் பக்கம் என்று முடிவு கட்டினேன். உன்னையும் வாப்பாவையும் நினைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ சொன்ன பிறகு மருமகனிடம் ஒன்றும் தெரியாதவள்போல, டோஹாவுக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "வனாந்தரம் மாமி, வெறும் மணல்" என்றார். இரண்டு வருஷம் நான் மணலைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

இந்தப் பொய் சிரிப்போடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நாள் மனதுக்குள் வைத்து அரிபட்டிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பரீதாவை உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டவள். நான் திரும்பி வந்த அடுத்த வருஷம் அவளும் அதே நாட்டுக்குப் போனாள். போகுமுன் என்னிடம் வந்து, "ராத்தா, வெள்ளிக்கிழமை லீவு எப்படிக் கேட்கிற?" என்றாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "சும்மா கேளு, தருவாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன முதல் வெள்ளியே அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள், பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று. இவள் ஓடிப்போகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, அந்த வீட்டார் போனையும் எடுத்து வைத்துவிட்டார்கள். எட்டு மாதம் அவள் வீட்டுக்கு ஒரு சொல் கதைக்கவில்லை. அவளுடைய உம்மா நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியும், காரணம் தெரியாது. பரீதா திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ராத்தா, நீங்க மெய்யாவே அந்த பஸ்ல போனீங்களா?" நான் அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பெருநாளைக்கு இன்னும் வட்டிலப்பம் அனுப்புகிறாள். இந்தக் கடிதத்தை ஒட்டியதும் நான் போகப் போகிற முதல் வீடு அவளுடையது.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உண்மையிலும் பாதியை ஒளித்தவளாவேன். கேட் எப்போதும் பூட்டியிருந்தது என்று மேலே எழுதினேன். ஒரு நாள் பூட்டியிருக்கவில்லை. காலையில் தண்ணீர்ப் போத்தல் லொறி வந்து இறக்கிவிட்டுப் போனது, கேட் அகலத் திறந்து கிடந்தது, அதைப் பூட்ட மறந்து வீட்டார் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து எதிரே நின்றது. கையிலிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு காலை வீதியில் வைத்தேன். அந்தக் குடைக்காரப் பெண் ஏறிக்கொண்டிருந்தாள். சாரதி என்னையும் பார்த்தார், வருகிறாளோ என்று கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார். எங்கே போகிறது என்று எந்தப் பாஷையில் கேட்பது, எங்கே இறங்குவது, எப்படித் திரும்பி வருவது, ஒன்றும் தெரியவில்லை. காலை உள்ளே எடுத்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை மகள். நானாகவே கேட்டைச் சாத்தினேன். அந்த வெள்ளிக்கிழமை உனக்குச் சொன்ன கதைதான் எல்லாவற்றிலும் நீளமானது.

என் சீவியத்தில் இரண்டு தரம் நான் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறேன். யுத்தத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து தோணியில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள், யாரோ காட்டிய இடத்தில் இருந்தோம். பிறகு கட்டார், ஏஜென்ட் ஏற்றிவிட்டார், மேடம் வந்து கூட்டிப்போனா. இரண்டு தரமும் நான் ஒரு சாமானைப்போலப் போய்ச் சேர்ந்தேன். நடுவில் இருந்த காலமெல்லாம் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்த ஒரே ரோட்டில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, எங்கே நின்று பார்த்தாலும் அனல்மின் நிலையத்தின் புகைக்கூடு. இங்கே தொலைந்துபோக நினைத்தாலும் முடியாது. அதனால்தான் நீயும் முதல் தரம் தனியே கடற்கரைக்குப் போனபோது, நம் ஊரைப்போலக் கடல் இடது கைப்பக்கம் இருந்தால் வீட்டுக்குப் போகிற வழி என்று நடந்து, நடந்து, ஊரின் மறு தொங்கலுக்கே போய்விட்டாய். புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மனிதரிடம் கேட்டு, அவர் பாஷை தெரியாமல் தன் போனைத் திறந்து வழி காட்டி, ஒருவாறு வந்து சேர்ந்தாய். அதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திகைத்துப்போனேன். அப்படி வழி தவறியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அங்கே போன முதல் மூன்று மாதம் நீயும் மருமகன் வேலைக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவள்தான். கீழே கடையில் பாண் வாங்கப் பயம் என்று சொல்லி அழுதாய். பிறகு ஒரு நாள், "நீங்க பாஷ தெரியாம தனியப் போய் வந்திருக்கீங்க, நான் என்ன குறஞ்சவளா உம்மா?" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனாய். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு நித்திரை குறைந்தது. உண்மையைச் சொன்னால் உன்னுடைய தைரியம் போய்விடுமோ, பழையபடி கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிடுவாயோ என்று பயந்து இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பயம் இல்லை. எப்படிப் போனது என்றும் சொல்கிறேன். போன மாதம் ரயிலுக்குள் இருந்துகொண்டு வீடியோவில் எடுத்தாயே, முன் பெட்டியில் நின்று, சாரதியே இல்லாத ரயில் என்று காட்டினாய். நிலத்துக்குக் கீழே குகைபோல நீளமாகப் போகிறது, வெளிச்சமெல்லாம் எதிரே ஓடிவருகிறது. "அப்ப யாரு ஓட்டுற?" என்றார் வாப்பா. "கம்பியூட்டர் வாப்பா." "அது கண்ணசந்தா?" நீ சிரித்தாய். அவர் வாயைப் பிளந்துகொண்டு அந்த ரயிலைப் பார்த்தார், நான் உன்னைப் பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாய். மறு கையில் போன். எங்களோடு கதைத்துக்கொண்டே, வெளியே ஒரு தரம் பார்த்துவிட்டு, சரியான இடத்தில் இறங்கி, ஆயிரம் பேருக்கு நடுவே தானாக ஓடுகிற படியில் கால் வைத்தாய். ஒரு அரபுப் பெண் உன்னிடம் என்னவோ கேட்டாள். நீ அவளுக்கு வழி சொன்னாய். என் மகள், கடலை வைத்து வீட்டுப் பக்கம் பார்க்கிற என் மகள், அந்த ஊர்க்காரிக்கு வழி சொன்னாள். நான் போனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனேன். அவர் என்ன என்று கேட்டார், கண்ணில் தூசி என்றேன். என்னிடமிருந்து தைரியம் எடுத்தேன் என்று நீ சொல்கிறாய். என்னிடம் எடுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, மகள். இல்லாத பஸ்ஸில் ஏறி நீ மெய்யான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். அது உன்னுடையது. நான் சொல்வதாலோ சொல்லாமல் விடுவதாலோ அது குறையாது.

நாளை உனக்கும் பிள்ளை பிறந்து, எங்கே போனீங்க என்று கேட்டால், போன இடத்தைச் சொல்லு. போகாவிட்டால் போகவில்லை என்று சொல்லு. பயமாக இருந்தது என்றும் சொல்லு. அதைக் கேட்டுப் பிள்ளை அழுதால் அழட்டும், நீ பக்கத்தில் இருப்பாய்தானே. உம்மாவின் புத்திமதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் இனி நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். என்மேல் கோபம் வந்தால் வைத்துக்கொள், பேசவேண்டுமென்றால் பேசு, நான் போனை வைக்கமாட்டேன்.

இனி அந்தப் படம். நூறு தரம் பார்த்துவிட்டேன். உன் முகத்துக்குப் பின்னால் இருக்கிற மதிலை நீ கவனித்திருக்கமாட்டாய். மதிலுக்கு மேலே ஒரு மஞ்சள் நிற வீடு, அதன் மேல்மாடியில், உன் தலைக்கு நேரே மேலே, ஏசிப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன யன்னல் ஒன்று இருக்கிறது. அதுதான் மகள். இரண்டு வருஷம் அதற்குள்ளே இருந்து வெளியே பார்த்திருக்கிறேன், வெளியே இருந்து அதை நான் பார்த்தது உன் படத்தில்தான். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்த அந்த இடத்தில், ஒரு நாளும் என்னால் போய் நிற்க முடியாத அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், என்னுடைய பிள்ளை நின்று சிரிக்கிறாள். அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எத்தனாம் நம்பர் என்று எனக்குத் தெரியாது. மேலே இருந்து பார்த்தால் பஸ்ஸின் கூரைதான் தெரியும், நம்பர் தெரியாது; கேட் திறந்து கிடந்த அந்த ஒரு நாளிலும் நம்பரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கடலுக்குப் போகுமா என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை அந்த ஹோல்டுக்குப் போய், முதலில் வருகிற பஸ்ஸில் ஏறு. ஏறுமுன் ஒரு தரம் திரும்பி அந்த யன்னலைப் பார்த்துக் கையைக் காட்டு. பிறகு உள்ளே போய், கடைசி ஹோல்ட் வரைக்கும் இறங்காமல் இரு. ஜும்ஆ முடிந்த நேரத்துக்கு நான் இங்கே போனைக் கதிரைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பரீதா வந்தால் அவளும் இருப்பாள். இன்டைக்கு எங்க போனீங்க என்று இந்த முறை நான் கேட்கிறேன், நீ சொல்லு.

உன் உம்மா